மோசத்துக்கு நாலு மதிப்பெண்

“அந்தக் கண்ணாடி என்ன, தலை சீவுறதுக்கா வச்சிருக்கு? பின்னாடி என்ன வருதுன்னு பாருங்க சார்!”

சின்னவளின் அத்தான், அவள் அக்காவின் கணவர், இந்தக் கேள்வியைக் கேட்காத நாள் கிடையாது. கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் அவர் பயிற்சியாளர். வண்டி நடுச் சாலையில் அணைந்துபோனால், “தூங்கிடுச்சா? தாலாட்டுப் பாடினது நீங்கதானே, நீங்களே எழுப்புங்க” என்பார். கிளட்சைத் திடுக்கென்று விட்டவர்களிடம், “ஏன், கால் சுட்டுடுச்சா?” என்பார். சொல்வதைவிடச் சொல்லும் குரல்தான் பெரிது. ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தாலும் பக்கத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு ‘இடி’ என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வீட்டுக்குள் நுழைந்தால் அந்த இடி ஓய்ந்துவிடும். அக்கா எதிரில் அவர் பேசுவது பல நேரம் அக்காவுக்கே காதில் விழாது. “உங்க வீரமெல்லாம் நாலு சக்கரத்துக்குள்ளதான்” என்பாள் அவள். அத்தான் அதற்கும் பதில் சொல்வார், ஆனால் குளியலறைக்குப் போன பிறகு.

சின்னவள் அவர்கள் வீட்டு மாடியறையில் இருந்தாள். மருந்து ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை. எந்த மாத்திரை எத்தனை பேருக்கு எவ்வளவு கேட்டது என்பதையெல்லாம் கணினியில் நிரல் எழுதிக் கண்டுபிடிக்கிறவள். அத்தான் அவளைக் ‘கணக்குப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார். “நாள் பூரா கம்ப்யூட்டரை முறைச்சுப் பாக்கிறதுக்குச் சம்பளமாம். நானும்தான் ரோட்டை முறைச்சுப் பாக்கிறேன், எனக்குக் கழுத்து வலிதான் வருது” என்பார்.

அந்தக் கணக்குப்பிள்ளையிடமே ஒருநாள் அத்தானின் தொழில் போய்ச் சேர்ந்தது.

பயிற்சிப் பள்ளியின் முதலாளியம்மாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை. ஒன்பது பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், இவர்களில் யார் சிறந்தவர் என்று வண்டி பழகிவிட்டுப் போனவர்களிடமே கேட்டால் என்ன? முதலில் வருகிறவருக்கு ஒரு கோப்பை, முன்னறைச் சுவரில் ஒரு படம். பள்ளியின் எழுத்தர் எல்லோருக்கும் கைப்பேசியில் ஒரே ஒரு கேள்வி அனுப்பினார்: உங்கள் பயிற்சியாளர் எப்படி? பதில் நான்கு சொற்களில் ஒன்றாக இருக்க வேண்டும். மோசம், சுமார், நன்று, மிக நன்று. நூற்றுக்கணக்கான பதில்கள் வந்து குவிந்தன. அவற்றை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

“உங்க கொழுந்தியா இதெல்லாம் பாக்கிறவதானே?” என்று முதலாளியம்மா அத்தானிடம் கேட்டார்.

சின்னவளுக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை. சொற்களைக் கூட்டி வகுக்க முடியாது, எனவே ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் தர வேண்டும், பிறகு ஆளுக்கு ஒரு சராசரி. அவள் எழுதும் நிரல்மொழியில் சொற்களை எண்ணாக மாற்ற ஒரே ஒரு வரி போதும். அலுவலகத்தில் மதிய இடைவேளையின்போது, ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டே எழுதி முடித்தாள். சரிபார்க்காமலும் விடவில்லை. மேலே இருந்த ஒரு பக்கப் பதில்களை ஓட்டிப் பார்த்தாள். சுமாருக்கு ஒன்று, நன்றுக்கு இரண்டு, மிக நன்றுக்கு மூன்று என்று ஒழுங்காகத்தான் வந்திருந்தது. அந்தப் பக்கம் முழுவதும் ‘சாது’ என்று பேர் வாங்கிய பயிற்சியாளருக்கு வந்த பதில்கள். அதில் ஒரு மோசம்கூட இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

சராசரிகள் வந்தன. முதலிடத்தில் அத்தான்.

சின்னவள் டீயைக் கீழே வைத்தாள். நிரலை மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அத்தான். அதே வரியை அப்படியே வைத்துக்கொண்டு எத்தனை தடவை ஓட்டினாலும் அதே ஆள்தானே வருவார்! மூன்றைத் தாண்டியவர் அவர் ஒருவர்தான். அடுத்த இடத்தில் சாது, மூன்றுக்குக் கொஞ்சம் கீழே.

“உங்க அத்தானாச்சே, பாத்துப் போட்டுக் குடுக்கலியே?” என்று முதலாளியம்மா போனில் சிரித்தார்.

சின்னவளுக்குச் சுருக்கென்றது. “எண்ணு யாருக்கும் சொந்தக்காரன் இல்ல மேடம்” என்றாள். சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவளுக்கே பிடித்துப்போயிற்று.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் முடிவை அறிவித்தபோது, முன்னறையில் யாரும் கை தட்டவில்லையாம். ஏதோ தமாஷ் என்று நினைத்து அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தார்களாம். கடைசியில் சாதுதான் முதலில் தட்டினார். அத்தான் கோப்பையை வாங்கிக்கொண்டு, “வண்டிக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

வீட்டில் அக்கா கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“உங்களுக்கா?”

“எனக்குத்தான்.”

“உங்க பேருல வேற யாராவது அங்க இருக்காங்களா?”

அத்தான் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, “பாரு, ஜனங்களுக்கு எல்லாம் புரியுது. இந்த ஆளு நம்மளத் திட்டுறது நம்ம நல்லதுக்குத்தான்னு புரிஞ்சு வச்சிருக்காங்க. இத்தனை வருஷமா எனக்குத்தான் தெரியல” என்றார். கண்ணோரம் லேசாக மினுங்கியது. அக்கா மேற்கொண்டு கேலி செய்யாமல் உள்ளே போனாள். மறுநாள் அந்தக் கோப்பையில் கரண்டிகளைப் போட்டு வைத்தாள். அளவு கச்சிதமாக இருந்தது.

விஷயம் அத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் முதலாளியம்மா எதையும் பாதியில் விடுகிறவர் அல்ல. முதல் ஆளின் முறையை எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஒவ்வொரு பயிற்சியாளரும் முறை வைத்து அத்தானின் பின் இருக்கையில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். அத்தானும் தயக்கமில்லாமல் பாடம் நடத்தினார். “சும்மா கத்தக் கூடாது. முதல்ல ஒரு கேள்வி கேக்கணும். அவங்க பதில் சொல்றதுக்குள்ள கத்தணும்.”

ஒரு வாரத்தில் பள்ளியின் எல்லா வண்டிகளிலிருந்தும் சத்தம் வர ஆரம்பித்தது. சிலருக்கு அது நன்றாகவே வந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தார்கள் போல. வராதவர் சாது மட்டும்தான். அவர் வண்டிகள் நிறுத்துமிடத்தில் தனியாக உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பார்த்து, “உங்களுக்கு… அறிவு… கொஞ்சம்…” என்று பழகிக்கொண்டிருந்ததை எழுத்தர் பார்த்திருக்கிறார். ஒருநாள் துணிந்து, பழக வந்த தையல்கார அம்மாவிடம் கண்ணை மூடிக்கொண்டு, “என்னம்மா இது!” என்று ஒரு சத்தம் போட்டார். அந்த அம்மா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, “உடம்பு சரியில்லையா சார்? தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டார். சாது இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் சின்னவளுக்குத் தெரியாது. பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருவது சலித்துப்போய், அவள் கார் ஓட்டப் பழக வேண்டும் என்று முடிவு செய்தாள். அத்தான் குஷியாகிவிட்டார். “ஊரே முதலிடம்னு சொன்ன ஆளு வீட்டுலயே இருக்கேன். வேற யாருகிட்டயாவது போவியா நீ?”

ஞாயிற்றுக்கிழமை காலை. சின்னவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, சாவியைத் திருகினாள். அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது.

“கியரைப் போடுன்னா அதுக்குப் பிடிச்சு உலுக்கணும்னு அர்த்தமா? அது என்ன மாங்கா மரமா?”

“அத்தான், நீங்க சொன்னபடிதான்…”

“நான் சொன்னபடியா? நான் சொன்னபடி செஞ்சா நாம இப்போ அந்தத் தெருவுல இருக்கணும். ஏன் இந்த வீட்டு வாசல்ல இருக்கோம்? உள்ள போய் நலம் விசாரிக்கவா? பிரேக்! பிரேக்கு! அது ஆக்ஸிலேட்டரு! கணக்குப்பிள்ளை, உனக்கு ரெண்டு காலு, மூணு பெடல். இதுவே வகுபடலியா உனக்கு?”

முக்கால் மணி நேரம் கழித்து இறங்கியபோது, சின்னவள் கார்க் கதவை ஓங்கிச் சாத்தினாள். பாசமுள்ள அத்தான்தான், அவளுடைய கல்லூரிக் கட்டணத்தைக் கடைசி நாளில் ஓடிப்போய்க் கட்டியவர். ஆனால் அந்த நேரத்தில் யாராவது கைப்பேசியை நீட்டி, உங்கள் பயிற்சியாளர் எப்படி என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் மோசம் என்று அழுத்தியிருப்பாள்.

படியேறும்போதுதான் அவளுக்கு உறைத்தது. நானே மோசம் என்பேன் என்றால், மற்றவர்கள் எப்படி மிக நன்று என்றார்கள்?

மாடிக்குப் போய்க் கணினியைத் திறந்தாள். சராசரியை விட்டுவிட்டு, முதல் வேலையாகச் செய்திருக்க வேண்டியதை இப்போது செய்தாள். யாருக்கு எந்தச் சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாள். அத்தானுக்கு நேராக மோசம் என்ற கட்டத்தில் பெரிய எண் ஒன்று உட்கார்ந்திருந்தது. மிக நன்று என்ற கட்டம் காலி.

என்ன நடந்தது என்று புரிய அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. சொற்களை எண்ணாக மாற்றச் சொல்லும்போது, எது சிறியது எது பெரியது என்ற வரிசையையும் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கணினி அகராதி வரிசையில் அடுக்கிக்கொள்ளும். சு, ந, மி, மோ. சுமார் ஒன்று, நன்று இரண்டு, மிக நன்று மூன்று. மூன்று சொற்களும் தற்செயலாகச் சரியான வரிசையிலேயே நின்றுவிட்டன. கடைசியாக வந்தது மோசம். அதற்கு நாலு.

மோசம் என்று அழுத்திய ஒவ்வொருவரும், தெரியாமலே, அத்தானுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்.

கீழே வந்து அக்காவிடம் சொன்னாள். அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுப் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. தலையை நிமிர்த்தியபோது சிரிப்பு போய்விட்டிருந்தது.

“அவர் இப்பல்லாம் காலையில பாடிக்கிட்டே ஷேவ் பண்றாருடி” என்றாள். “நான் சொல்ல மாட்டேன். நீ போட்ட கணக்கு, நீயே சொல்லு.”

மாலையில் இரண்டாவது பாடம். ஆளில்லாத ஒரு மைதானத்தின் ஓரமாக வந்ததும் சின்னவள் வண்டியை நிறுத்தினாள்.

“அத்தான், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“முதல்ல ஹேண்ட்பிரேக்கைப் போடு. அப்புறம் சொல்லு.”

போட்டாள். சொன்னாள். அத்தான் முன்கண்ணாடி வழியாக எதிரே பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எனக்கு விளங்கல. மோசம்னு சொன்னா எப்படி நாலு மார்க்கு?”

“அகராதியில மோசம்தான் கடைசியா வருது அத்தான். கடைசியா வர்றதுக்குப் பெரிய நம்பர். கம்ப்யூட்டருக்கு எழுத்து மட்டும்தான் தெரியும், மோசம்னா என்ன அர்த்தம்னு தெரியாது.”

“உனக்குத் தெரியுமில்ல?”

சின்னவள் ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். “தெரியும்.”

“எத்தனை பேரு போட்டிருக்காங்க?”

“நிறைய பேரு.”

“கணக்குப்பிள்ளை பேசுற பேச்சா இது? நிறையன்னு ஒரு நம்பர் இருக்கா?”

“நாப்பத்திரண்டு பேர்ல இருபத்தொன்பது.”

அத்தான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். மறுபடி ஏற்றினார். “மீதி?”

“சுமார் பதினொண்ணு. நன்று ரெண்டு.”

“நன்றா? யாரு அது?”

“பேரெல்லாம் இல்ல அத்தான்.”

“ஒருத்தர் யாருன்னு தெரியுது. காதுல மெஷின் வச்சிருந்தாரே, ரிட்டயரான பேங்க்காரர். வண்டியில ஏறினதும் அதைக் கழட்டிப் பையில போட்டுக்குவாரு.”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். தெரியவில்லை.

“சரி, ஒழுங்காப் போட்டா எது எவ்வளவு?”

“மோசம் ஒண்ணு. சுமார் ரெண்டு. நன்று மூணு. மிக நன்று நாலு.”

“அப்போ ரெண்டு மோசம் சேந்தா ஒரு சுமாரு.”

“அப்படியில்ல அத்தான்…”

“இரு. நாலு மோசம் சேந்தா ஒரு மிக நன்று. என்கிட்ட இருபத்தொன்பது இருக்கு. ஏழு மிக நன்று வருது, ஒண்ணு கைல மிச்சம் வேற.”

இந்தத் தடவை அவளால் அடக்க முடியவில்லை. அத்தானின் மீசையும் லேசாக அசைந்தது.

“அது வெறும் வரிசைதான் அத்தான். மாடிப்படி மாதிரி. எது மேல, எது கீழன்னுதான் சொல்லும். ஒவ்வொரு படியும் ஒரே உயரம்னு யாரு சொன்னா? அதனாலதான் கூட்டவே கூடாது. சராசரியே எடுத்திருக்கக் கூடாது. யாருக்கு எது எத்தனைன்னு அப்படியே காட்டியிருக்கணும்.”

“இதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“இதைத்தான் காலேஜில மூணு வருஷம் படிச்சேன்.”

“அப்போ நீயும் கண்ணாடி பாக்காமத்தான் திருப்பியிருக்கே” என்றார் அத்தான். “சரி, வண்டியை எடு.”

வீடு வரும் வரை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சின்னவள் வண்டியை இரண்டு முறை அணையவிட்டாள், ஒரு முறை தப்பான கியரைப் போட்டாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் திட்டு வாங்கியதைவிட இது அவளுக்கு அதிகமாக வலித்தது.

மறுநாள் முதலாளியம்மாவிடம் போனாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “எல்லார் முன்னாடியும் சொன்னது. எல்லார் முன்னாடியும்தான் திருத்தணும். நீங்களே வந்து சொல்லிடுங்க” என்றார். காலைக் கூட்டத்தில் சின்னவள் எழுந்து நின்று, முகம் சிவக்க, அகராதி வரிசையை விளக்கினாள். அறை வெடித்துச் சிரித்தது. “இடி அண்ணே, உங்க படத்தை மாட்டினது அகராதி எழுதினவராம்!” என்று ஒருவர் கத்தினார். திட்டப் பழகியிருந்த மற்றவர்கள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றமும் தெரிந்தது. இனி பழையபடி மரியாதையாகப் பேச வேண்டுமே.

அத்தான் எழுந்து போய்க் கோப்பையைச் சாதுவின் கையில் கொடுத்தார். “நல்லாக் கழுவித்தான் கொண்டாந்திருக்கேன். உள்ள கரண்டி இருந்துச்சு.”

“நீங்களே வச்சுக்குங்க அண்ணே” என்றார் சாது.

“வச்சுக்கலாம். ஆனா, அப்புறம் உங்களைத் திட்டப் பழக்கி விட்ட பாவம் என்னை விடாது.”

அதற்குப் பிறகு அத்தான் மாறப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே. அது முதல் நாளே தகராறில் முடிந்தது. பழக வந்த பல் டாக்டர் ஒருவர் குப்பைத் தொட்டியை நோக்கி வண்டியைச் செலுத்தினார். முன்பென்றால் ஒரே கத்தலில் நின்றிருக்கும். அத்தான், “டாக்டர், உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா, கொஞ்சம் அந்த பிரேக்கை…” என்று தொடங்கினார். மரியாதை முடிவதற்குள் தொட்டி உருண்டுவிட்டது. தன் காலடியிலேயே ஒரு பிரேக் இருந்ததை, நாகரிகமாகப் பேசும் மும்முரத்தில் அவர் மறந்துபோயிருந்தார்.

அன்று அவருக்கு ஒரு வழி கிடைத்தது. ஆத்திரம் தாங்காமல் இறங்கிப் போய், உருண்டு கிடந்த தொட்டியைப் பார்த்து, “உனக்கு வேற இடமே கிடைக்கலியா? ஒரு டாக்டர் வர்றாருன்னு தெரியுதில்ல, ஒதுங்கி நிக்க வேண்டாம்?” என்று முழுக் குரலில் கேட்டார். டாக்டர் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். அடுத்த தடவை அவராகவே சரியாகத் திருப்பினார்.

அன்றிலிருந்து அத்தான் ஆட்களைத் திட்டுவது குறைந்தது. வண்டியைத் திட்டினார், கியரைத் திட்டினார், சிக்னல் கம்பத்தைத் திட்டினார். எப்போதாவது வாய் தவறி ஆட்கள் பக்கமும் போகும். சின்னவளிடம் அடிக்கடியே போனது. சொந்தக்காரிக்கு என்ன மரியாதை! அவள் முதல் தேர்வில் தோற்று, இரண்டாவதில் உரிமம் வாங்கினாள்.

ஆறு மாதம் கழித்து முதலாளியம்மா மறுபடி அதே கேள்வியை அனுப்பினார். இந்த முறை கோப்பையும் இல்லை, முதலிடமும் இல்லை. சின்னவள் கணினிக்கு வரிசையைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். எண்ணாக மாற்றுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஒரு நீளப் பட்டை, அதில் நான்கு சொற்களுக்கு நான்கு நிறம் என்று வரைந்தாள். அத்தானுடைய படத்தை மட்டும் தனியாக எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். மோசத்தின் சிவப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. நன்று விரலளவு. நடுவில் அகலமாகப் படுத்திருந்தது சுமாரின் மஞ்சள்.

அத்தான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார்.

“சுமாரு” என்றார், வாயில் போட்டுச் சுவைப்பது போல. “பாத்தியா, பாதிப் பேருக்கு மேல சுமாருன்னு சொல்லியிருக்காங்க!”

“உங்களைக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து நானும் அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்” என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து.

அத்தான் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.